பிரசவமே இல்லாத நாளுக்கும் சம்பளம்: உள்ளூர் மகப்பேறு சேவை பற்றிய கேள்வி பதில்

பொதுப் பணத்தில் மருத்துவச்சிகளை வைத்து ஓர் உள்ளூர் பிரசவ சேவையைத் திட்டமிடுவது, அதற்கு நிதி தேடுவது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். மருத்துவச்சி என்று நான் சொல்வது முறையாகப் படித்துப் பதிவு பெற்றவரை. இந்த வேலையில் பல வருடம் பட்ஜெட் போட்டவன் என்ற முறையில், தெரிந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் வருடத்துக்குச் சுமார் 300 பிரசவம். நாளுக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு மருத்துவச்சி போதாதா?

இந்தச் சராசரியை நம்பித்தான் பலர் கவிழ்கிறார்கள். குழந்தை வரிசையில் நின்று நாளுக்கொன்றாகப் பிறப்பதில்லை. 300 பிரசவம் தற்செயலாகப் பரவினால், வருடத்தில் ஏறக்குறைய 160 நாள் ஒரு பிரசவமும் இருக்காது. 18 நாள் போல மூன்றோ அதற்கு மேலோ வரும். நீங்கள் ஆள் வைப்பது அந்த 18 நாளுக்காக. பணம் கொடுப்பவர் கண்ணில் படுவதோ அந்த 160 நாள்! சண்டை முழுக்க இங்கேதான்.

அப்படியானால் எத்தனை பேர் வேண்டும்?

ஒரு தாளை எடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் 40 மணி நேரம் வேலை செய்தால், ஒரே ஒரு நாற்காலியை இரவு பகலாக நிரப்ப 4.2 பேர். விடுப்பு, உடல்நலக் குறைவு, பயிற்சி என்று ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 4.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 5.25. இது ஒரு நாற்காலிக்குத்தான். குழந்தை வெளியே வரும் நேரத்தில் கவனிக்க வேண்டியது இரண்டு உயிர்கள், ஆகவே இரண்டு பேர் வேண்டும். இரண்டாமவர் கூப்பிட்டால் வருபவராக இருக்கலாம். அந்தக் காத்திருப்புக்கும் சம்பளம் எழுதுங்கள். எழுதாவிட்டால் ஒரு வருடத்தில் ஆள் நிற்காது.

உலக சுகாதார நிறுவனம் 2005-இல் 175 பிரசவத்துக்கு ஒரு மருத்துவச்சி என்று ஓர் அளவு சொன்னது. அது பெரிய பரப்புக்குப் பொருந்தும் கணக்கு. சிறிய மையத்துக்கு அதைப் போட்டால் 300-க்கு இரண்டு பேர்கூட வராது. இரவுப் பணிக்கு யார்?

பிரசவத்துக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் கணக்கு சுலபமாக இருக்குமே?

கணக்கு எழுதுபவருக்குச் சுலபம். ஆனால் பாருங்கள்: பாதி வலியில் சிக்கல் தெரிகிறது, பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பினால் தொகையும் கூடவே போகிறது. ‘இன்னும் கொஞ்சம் பார்ப்போம்’ என்ற எண்ணத்துக்கு நீங்களே காசு கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆயத்த நிலைக்கு ஒரு நிலையான தொகை, எண்ணிக்கைக்கு ஏற்ப அதன் மேல் சிறிது. என் வோட்டு இதற்குத்தான்.

கர்ப்ப காலம் முதல் பிரசவத்துக்குப் பின் வரை ஒரே மருத்துவச்சி பார்ப்பது ஆடம்பரமா?

இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2024-இல் புதுப்பித்த தொகுப்பாய்வு 17 ஆய்வுகள், 18,500-க்கும் அதிகமான பெண்கள் என்று பார்த்தது. இயல்பான பிரசவம் கூடியது, தாய்மாரின் திருப்தியும் நன்றாக இருந்தது. ஆனால் இந்த முறையில் ஒருவருக்கு வருடத்துக்கு 35 முதல் 40 பெண்கள்தான் வழக்கம். 300 பேருக்கு எட்டுப் பேர். மேலே போட்ட கணக்கோடு ஒப்பிட்டால் பயப்படும் வித்தியாசம் இல்லை.

கருவிகளுக்கு எவ்வளவு ஒதுக்க?

சம்பளத்துக்கு முன்னால் இது சின்னத் தொகை. ஆனால் சின்னதில்தான் மாட்டிக்கொள்வோம். என் முதல் பட்ஜெட்டில் கட்டில் இருந்தது, விளக்கு இருந்தது, மருந்துப் பெட்டிக்கான குளிர்ப்பெட்டிக்கு மாற்று மின்சாரம் இல்லை. ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் ஊசி பொதுவாக 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் போனால், அலமாரி ஈரம், வெப்பமானியில் 19. மொத்த மருந்தையும் தூக்கிப் போட்டோம்.

அப்புறம், ரத்தத்தை அளக்கும் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அளந்து கண்டுபிடித்து, உடனே முழுச் சிகிச்சையையும் ஒன்றாகத் தொடங்கியபோது கடும் ரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்ததை 2023-இல் ஈ-மோட்டிவ் ஆய்வு காட்டியது. வாங்குங்கள், யோசிக்காதீர்கள்.

கட்டடத்துக்கு ஒரு கொடையாளர் கிடைத்திருக்கிறார். தொடங்கலாமா?

மூன்றாம் வருடச் சம்பளம் யார் தலையில்? அந்தப் பதில் எழுத்தில் வரட்டும். அவசர வண்டிக்கும் ஓட்டுநருக்கும் அதே கேள்வி.

எங்களுக்கு ஒரே ஒரு பதவிக்குத்தான் அனுமதி. என்ன செய்ய?

சரி, அப்படியானால் பிரசவ அறை திறக்காதீர்கள். பகல் நேரப் பரிசோதனை, பிரசவத்துக்குப் பின் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்யுங்கள். கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டுச் சந்திப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 பரிந்துரை. 300 பெண்களுக்கு அதுவே 2,400 சந்திப்பு. அவருக்கு வேலை போதுமா என்று கேட்பவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். இரண்டாவது பதவிக்கான விண்ணப்பத்திலும் முதல் வரியாக இதையே போடுங்கள்.