ஒரு பிணைப்பு லாபம் போதுமா?

கேள்வி: எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். செம்பு ஆக்சைடு மீக்கடத்திகளில் (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் பொருள்கள்) துளைகள், அதாவது எலக்ட்ரான் எடுக்கப்பட்ட காலி இடங்கள், எப்படி ஜோடி சேருகின்றன என்பதுதான் என் புராஜெக்ட். டி–ஜே மாதிரியை (துளை பக்கத்து இடத்துக்குத் தாவும் ஆற்றல் டி, பக்கத்து ஸ்பின்களை எதிரெதிராக நிறுத்தும் ஆற்றல் ஜே; ஸ்பின் என்பது எலக்ட்ரானின் சிறு காந்தத்தன்மை) 4×4 வலையில் கணினியில் போட்டுப் பார்த்தேன். இரண்டு துளைகளின் பிணைப்பு ஆற்றல் மைனஸில் வந்தது, அதாவது சேர்ந்திருப்பதே லாபம். மீக்கடத்தல் கிடைத்துவிட்டது என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். உங்கள் கணக்கு தப்பாக இருக்காது, ஆனால் அது அவ்வளவு தூரம் போகாது.

ஜோடி சேர்வதற்குப் பாடத்தில் சொல்லும் காரணத்தையே எடுத்துக்கொள்வோம். துளை இல்லாத நிலையில் ஒவ்வொரு செம்பு இடத்திலும் ஒரு ஸ்பின் இருக்கும்; பக்கத்து ஸ்பின்கள் எதிரெதிராக நிற்கும். ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் அந்தத் துளை பக்கத்து ஸ்பின்களோடு இருந்த நான்கு பிணைப்புகளை அறுக்கிறது. தள்ளி நிற்கும் இரண்டு துளைகள் எட்டை அறுக்கும். ஒட்டி நின்றால் நடுவிலுள்ள பிணைப்பு இரண்டுக்கும் பொது, ஆக ஏழுதான். ஒன்று லாபம்.

சரி, இதே கணக்கை இன்னும் நீட்டிப் பாருங்கள். நான்கு துளைகள் இரண்டு ஜோடிகளாக நின்றால் பதினான்கு அறுபடும். ஒரே சதுரமாகக் கூடினால் பன்னிரண்டுதான். இப்படியே போனால் எல்லாத் துளைகளும் ஒரு மூலையில் குவிந்துவிடும். அதற்குப் பெயர் மீக்கடத்தல் இல்லை, கட்டப் பிரிவு. குவிய விடாமல் தடுப்பது தாவல். துளை ஓடினால்தான் அதன் இயக்க ஆற்றல் குறையும். ஓடினாலோ பின்னால் ஸ்பின் வரிசை கலையும். இரண்டாவது துளை அதே தடத்தில் வந்தால் கலைந்தது ஓரளவு சீராகும். இந்த இழுபறியில் எது வெல்லும் என்பது ஜே, டி விகிதத்தைப் பொறுத்தது. செம்பு ஆக்சைடுகளில் ஜே சுமார் 0.13 எலக்ட்ரான் வோல்ட், டி சுமார் 0.4. விகிதத்தை 1 என்று வைத்து ஓட்டியிருந்தால் ஜோடி சுலபமாக வந்துவிடும், அதில் பெருமை இல்லை. 0.3 அருகில் என்ன வருகிறது என்று பாருங்கள்.

அப்புறம், நான்கு துளைகளின் ஆற்றலையும் கணக்கிடுங்கள். மொத்த ஸ்பின் கூறு பூஜ்யமான நிலைகள் 16,81,680. லாங்சோஸ் முறையில் (பெரிய அணியின் மிகக் குறைந்த ஆற்றலைத் தேடும் கணக்கு முறை) லேப்டாப்பே தாங்கும். நான்கு துளை ஆற்றலோடு துளையில்லா ஆற்றலைக் கூட்டி, இரண்டு துளை ஆற்றலின் இரு மடங்கைக் கழியுங்கள். மைனஸ் வந்தால் ஜோடிகளே ஒன்றையொன்று இழுக்கின்றன என்று அர்த்தம். ஜோடியின் அலைச் சார்பை 90 பாகை திருப்பினால் குறி மாறுகிறதா என்றும் பாருங்கள். மாறினால் அது டி அலை. (தமிழில் எழுதினால் இதுவும் டி, தாவலும் டி, அறிக்கையில் பிரித்துக் காட்டிவிடுங்கள்.) உண்மைப் பொருளில் அந்தக் குறி மாற்றத்தை இயற்பியலாளர்கள் சூயியும் கர்ட்லியும் 1994இல் மூன்று படிகங்கள் சந்திக்கும் இடத்தில் அரைக் காந்தப்பாயக் குவாண்டமாகப் பார்த்தார்கள்.

எனக்குப் பெரிய உறுத்தல் வலையின் அளவுதான். 16 இடத்தில் 2 துளை என்றால் எட்டில் ஒரு பங்கு. பிரிய நினைத்தாலும் அவை எங்கே போகும்? அதே எட்டில் ஒரு பங்கில், அண்டை இடத்துக்கு மட்டும் தாவும் ஹப்பார்டு மாதிரியை (டி–ஜே மாதிரிக்கு மூலமானது) 2017இல் பல குழுக்கள் வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டன. அடிநிலையில், அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலையில், வந்தது துளைகள் கோடு கோடாக அடுக்கிய அமைப்பு. கோட்டுக்குக் கோடு தூரம் சுமார் 8 கட்டம். உங்கள் வலையின் அகலமே 4. ஜோடிக்குப் போட்டியான அந்தக் கோட்டு அமைப்பு உள்ளே நுழையவே இடமில்லை.

அதனால் முடிவுரையில் "16 இட வலையில், இந்த விகிதத்தில், இரண்டு துளைகள் பிணைகின்றன" என்று மட்டும் எழுதுங்கள். நேரம் இருந்தால் சாய்த்து வெட்டிய 18, 20 இட வலைகளிலும் ஓட்டி, பிணைப்பு எவ்வளவு குறைகிறது என்று ஒரு வரைபடம் சேருங்கள்.