பக்கத்து மனையின் பழைய விலை

கேள்வி: எங்களுக்கு ஒட்டியபடி இரண்டு மனை, ஒவ்வொன்றும் 4 சென்ட். 2 வருடத்துக்கு முன்பு வீட்டுக்காரரின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக ஒன்றை அவசரமாக சென்ட் 2 லட்சத்துக்குக் கொடுத்துவிட்டோம். இப்போது மற்றதற்கு மூன்றரை கேட்டால், வருகிறவர்கள் எல்லாம் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு, "பக்கத்து மனையை ரெண்டுக்குத்தானேம்மா கொடுத்தீங்க" என்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, குடியாத்தம்

பதில்: சமாளிக்க வேண்டாம் அம்மா, நடந்ததை அப்படியே சொல்லுங்கள். சின்ன வயதில் அப்பாவோடு பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போவேன். செவ்வாய்க்கிழமை கூடும். அங்கே தரகர், வியாபாரியின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து, விரலாலேயே விலை பேசி முடிப்பார், பக்கத்தில் நிற்கிற எனக்கே ஒன்றும் தெரியாது. ஏன் என்று கேட்டதற்கு, "இது என்ன விலைக்குப் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த மாட்டுக்கு எவனும் அதுக்கு மேல ஏறமாட்டான்டா" என்றார் அப்பா.

மனைக்கு அந்தத் துண்டு கிடையாது. சர்வே எண்ணைப் போட்டால் பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கம் இலவசமாகவே வந்துவிடுகிறது, பத்திரத்தில் எழுதிய விலையும் 'கைமாற்றுத் தொகை' என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் பணம் கட்டியாக வேண்டிய நிலைமையில் கொடுத்தது என்று அதில் இருக்காது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், இப்போது அவசரம் இல்லை என்பதையும் சேர்த்து. அப்புறம், உங்கள் தெருவில் கடந்த ஒரு வருடத்தில் கைமாறிய நாலைந்து மனைகளுக்கு நீங்களே வில்லங்கம் போட்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஒரு விலையைக் காட்டினால் நீங்கள் நாலு விலையைக் காட்டலாம். கடைசி விலையைத் தரகரிடம்கூடச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். மூன்றரை தருகிறேன், முத்திரைக் கட்டணம் மிச்சமாகட்டும், பத்திரத்தில் குறைத்து எழுதலாம் என்பார்கள். சம்மதிக்காதீர்கள். சட்டப்படி அது தப்பு, அதோடு போவதும் இல்லை. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, அரசு நிலம் எடுக்கும்போது அந்த வட்டாரத்தில் முந்தைய 3 ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடுதலான பாதியை எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள், அந்தச் சராசரி, அரசு குறித்துவைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதை வைத்துத்தான் இழப்பீட்டுக் கணக்கே தொடங்குகிறது. தெருவே குறைத்து எழுதியிருந்தால், நாளைக்கு ரோட்டுக்கு இடம் போகிற பக்கத்து வீட்டுக்காரர் எந்தப் பத்திரத்தைக் காட்டி நியாயம் கேட்பார்?