நாடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை, டாக்டர்!

கேள்வி: எனக்கு வயது 44. ஒட்டன்சத்திரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். பல வருடங்களாகத் திடீர் திடீரென்று படபடப்பு வரும். ‘கேஸ்’, ‘டென்ஷன்’ என்றே சொல்லி அனுப்பினார்கள். போன வருடம்தான் ஈசிஜியில் நிமிடத்துக்கு 190 துடிப்பு பதிவாகி, எஸ்விடி (இதயத்தின் மின்பாதைக் கோளாறால் திடீரென்று வரும் அதிவேகத் துடிப்பு) என்று தெரிந்தது. அன்று ஒரு ஊசி போட்டார்கள், உயிர் போய்த் திரும்பியது போல இருந்தது. ஆறு மாதம் முன்பு தொடை வழியாகக் குழாய் செலுத்தி, கோளாறான மின்பாதையை அழிக்கும் அப்லேஷன் செய்து, சரியாகிவிட்டது என்றார்கள். இப்போதும் இரவில் இடப்பக்கம் படுத்தால் நெஞ்சில் ‘தொம்’ என்று ஒரு அடி விழுகிறது. 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியில் 212 எக்ஸ்ட்ரா பீட். பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். எனக்கோ நாடியிலிருந்து கை எடுக்க முடியவில்லை. மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்டேன். அடுத்த மாதம் மதுரையில் நாத்தனார் மகள் கல்யாணம். போகலாமா?

பதில்: கல்யாணத்துக்குத் தாராளமாகப் போங்கள், அம்மா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது நீங்கள் அலைந்த அந்த வருடங்கள்தான். நிஜமான நோயோடு போனபோது டென்ஷன் என்றார்கள். இன்று நோய் போய்ப் பயம் மிச்சமிருக்கும்போது அதே வார்த்தையைச் சொன்னால் எப்படி நம்புவீர்கள்? எஸ்விடி வந்த பெண்கள் பலருக்கு இதே கதை. படபடப்பு நின்ற பிறகு எடுத்த ஈசிஜி பெரும்பாலும் சுத்தமாகத்தான் இருக்கும். அதைக் காட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்று நானும் சொல்லப்போவதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

என்னிடம் வருபவர்களைத் துடிப்பு எப்படி இருந்தது என்று மேசையில் விரலால் தட்டிக் காட்டச் சொல்வேன். எஸ்விடி என்றால் ‘டக்டக்டக்டக்’ என்று ஒரே சீராக, விடாமல் தட்டுவார்கள். சுவிட்ச் போட்டது போலத் தொடங்கும், அணைத்தது போல நிற்கும். எக்ஸ்ட்ரா பீட் என்றால் ‘டக்... டக்... டக்டக்’ என்று தட்டி, விரலை அந்தரத்தில் நிறுத்தி, பிறகு ஓங்கி ஒன்று வைப்பார்கள். நீங்கள் எழுதியிருப்பது இந்த இரண்டாவது. ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது. அப்போது இதயம் முழுதாக நிரம்பியிருக்காது, அதனால் மணிக்கட்டில் அது சரியாகத் தெரியாது. அடுத்தது சற்றுத் தாமதமாக வரும். அதற்குள் ரத்தம் கூடுதலாகச் சேர்ந்துவிடுவதால் பலமாக அடிக்கும். உங்களை எழுப்பி உட்கார வைக்கிற ‘தொம்’ அந்த ஒழுங்கான துடிப்புதான். இடப்பக்கம் படுக்கும்போது இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருவதால் இன்னும் உரக்கத் தெரிகிறது. ஒரு நாளில் இதயம் ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை துடிக்கிறது. அதில் 212 என்பது இதய நோயே இல்லாதவர்களுக்கும் வருகிற அளவுதான்.

எஸ்விடி திரும்பினால் என்ன செய்வது என்பதுதானே அடிமனதில் இருக்கும் கேள்வி? மிகப் பரவலான வகைக்கு அப்லேஷன் செய்த 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு அது திரும்புவதில்லை. திரும்பினால் மறுபடி செய்யலாம். உங்கள் கையிலும் ஒரு வழி இருக்கிறது: சாய்ந்து உட்கார்ந்து, 10 மில்லி சிரிஞ்சின் முனையில் 15 விநாடி முக்கி ஊத வேண்டும். உடனே மல்லாந்து படுக்க, பக்கத்தில் இருப்பவர் கால்களை 15 விநாடி தூக்கிப் பிடிக்க வேண்டும். 2015-ல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், இப்படிச் செய்தவர்களில் 43 சதவீதம் பேருக்கு எஸ்விடி நின்றது. படுத்துக் கால் தூக்காமல், முக்கி ஊதுவதை மட்டும் செய்தவர்களில் 17 சதவீதம்தான். உங்கள் டாக்டர் முன்னால் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள், வீட்டுக்காரரையும் அழைத்துப் போங்கள்.

நாடி பார்ப்பதைக் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என்று குறையுங்கள். தொட்டதும் ஒரு நிம்மதி, உடனே அடுத்த சந்தேகம். பயத்தில் சுரக்கும் அட்ரினலினே எக்ஸ்ட்ரா பீட்டைக் கூட்டும். மாடிப்படிக்கு முன்னால் ஒரு ட்ரெட்மில் டெஸ்ட் செய்யலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். துடிப்பு படிப்படியாக ஏறி, நின்றதும் படிப்படியாக இறங்குவதைத் திரையில் நீங்களே பார்க்க வேண்டும். பிறகு படி ஏறும்போது வரும் படபடப்பு அதுதான் என்று உடம்புக்குப் புரிந்துவிடும். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூக்கடைப்பு மாத்திரைகளில் சில படபடப்பைத் தூண்டும், கேட்காமல் வாங்காதீர்கள்.

அந்த ஊசி அடினோசினாக இருக்கும். இதயத்தின் மின்பாதையைச் சில விநாடி தடுத்து, எஸ்விடியை நிறுத்தும் மருந்து அது. அந்த விநாடிகள் இரவில் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பயத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அரசின் டெலி-மானஸ் இலவச எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தாலோ, சீரான அதிவேகத் துடிப்பு ஊதிப் பார்த்தும் நிற்காவிட்டாலோ 108-ஐ அழையுங்கள். போன இடத்தில் ஈசிஜி எடுக்காமல் யார் அனுப்பினாலும் கிளம்பாதீர்கள்.