பழைய ஊரும் புது ஆறும்

அன்புள்ள அக்கா,

நாலைந்து மாதமாக உங்களிடமிருந்து ஒரு கட்டுரைகூட வரவில்லை. சென்னையை விட்டு மேட்டூர்ப் பக்கம் குடிபோய்விட்டீர்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். நாவலை முடித்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டும் உண்மைதானா?

முன்பு ஒரு கூட்டத்தில், மேட்டூர் அணையில் மூழ்கிய ஊர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அப்போதிருந்தே ஒன்று கேட்க நினைத்தேன். நீங்களும் என்னைப் போல டெல்டாக்காரர். நமக்கு மேட்டூர் என்றால் ஜூன் 12, தண்ணீர் திறந்தார்களா இல்லையா, அவ்வளவுதான். நம் பக்கம் எழுத எவ்வளவோ இருக்கும்போது ஏன் அங்கே போனீர்கள்?

அப்புறம், அத்தனை புத்தகங்களையும் என்ன செய்தீர்கள்? எனக்கும் சீக்கிரம் வீடு மாற வேண்டியிருக்கிறது. அதனால் கேட்கிறேன்.

கே.,
திருவாரூர்

*

அன்புள்ள தம்பி,

இரண்டும் உண்மைதான். பங்குனியில் நாவல் முடிந்தது, சித்திரையில் வீடு மாறினோம். இப்போது கொளத்தூரில் இருக்கிறோம். மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் உள்ள ஊர். என் கணவருடைய பூர்வீக வீடு இது. மாமியார் காலமானபின் பூட்டியே கிடந்தது. வந்ததும் பால் காய்ச்சிவிட்டு, அன்றைக்கே ஓடு மாற்ற ஆள் தேட வேண்டியதாயிற்று. எழுதாமல் இருந்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

சென்னையில் நாங்கள் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிக் கட்டடம் பழசு. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது என்று வீட்டுக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். அதே வட்டாரத்தில் வேறு வீடு பார்த்தோம், வாடகை கட்டுப்படியாகவில்லை. ஆனால் இடிப்பது என்று முடிவானதற்கும் நாங்கள் காலி செய்ததற்கும் நடுவே நிறைய காலம் ஓடிவிட்டது. ஒருவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார், அனுமதி கிடைக்கத் தாமதமானது. அந்த இடைக்காலத்தில் கட்டடம் மாறிக்கொண்டு வந்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். மாடிப்படி பல்பு எரியாமல் போனது, யாரும் மாற்றவில்லை. தண்ணீர்த் தொட்டி ஒழுகியது. கேட்டால், "எப்படியும் இடிக்கத்தானே போறாங்க" என்றார்கள். இரண்டாம் மாடியில் இருந்த பாட்டி ஒருவர் மட்டும் தினமும் வாசலில் கோலம் போட்டார். துளசித் தொட்டிக்குப் புது மண் வாங்கிவரச் சொல்லி ஒருநாள் என்னிடம் பணம் கொடுத்தார்.

நாவலின் நடுப்பகுதி எனக்குக் கிடைத்தது அந்த நாட்களில்தான். அணைக்காக ஊரை விட்டவர்கள் என்றதும் எல்லோர் மனசிலும் வருவது தண்ணீர் ஏறுகிற காட்சி. மேட்டூரில் வேலை தொடங்கியது 1925-இல். அணை திறந்தது 1934 ஆகஸ்ட் 21-இல். நடுவே ஒன்பது வருஷம். ஊர் போகப்போகிறது என்பது நிச்சயம், என்றைக்கு என்பதுதான் நிச்சயமில்லை. கூரை மாற்றலாமா? கிணற்றைத் தூர் வாரலாமா? தென்னம்பிள்ளை வைத்தால் காய்க்கும்வரை நிலம் கையில் இருக்குமா? பெண் கேட்டு வருகிறவர்கள், "உங்க ஊரே இருக்காதாமே" என்று திரும்பிப் போய்விட்டால்? நட்டஈட்டுக்கு மரம் எண்ண வருகிறவர்கள் போன மாசம் வைத்த கன்றையும் எண்ணுவார்களா? வெள்ளம் ஒரு ராத்திரியில் எடுத்துக்கொண்டு போய்விடும். இங்கே நடந்தது வேறு. ஊர் இருக்கும்போதே, அதில் எதையும் புதிதாகச் செய்ய மனசில்லாமல் போவது. என் நாவல் முழுக்க அந்த ஒன்பது வருஷத்துக்குள்தான் நடக்கிறது. கடைசிப் பக்கத்தில்கூட தண்ணீர் வராது.

இதில் பாதி என் மாமியார் வாயிலிருந்து வந்தது. அவருடைய அம்மா சின்னப் பெண்ணாகப் பழைய ஊரைவிட்டு வந்தவர். "பழைய ஊர்" என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். இந்த வீட்டு வாசல்நிலை அங்கிருந்து மாட்டுவண்டியில் வந்தது. விட்டம், சட்டம், கதவு என்று பிரித்தெடுக்க முடிந்ததை எல்லாம் பிரித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். நிலை குட்டை, என் கணவர் குனிந்துதான் நுழைய வேண்டும். மேல் சட்டத்தில் தாமரை செதுக்கியிருக்கிறது. இடப்பக்கம் இதழெல்லாம் முடிந்திருக்கிறது. வலப்பக்கம் உளியால் கீறிய கோடு மட்டும்தான். இதுவும் அந்த ஒன்பது வருஷத்தில் பாதியில் விட்ட வேலைதான் என்று எனக்குத் தோன்றும். அடியில் கறையான் அரித்த இடத்துக்கு இப்போது தச்சர் ஒட்டுப்போட்டுக் கொடுத்தார். மொத்தமாகவே மாற்றிவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். வேண்டாம் என்றுவிட்டேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம் பக்கம் எழுத எவ்வளவோ இருக்கிறது என்கிறீர்கள். இதுவும் நம் பக்கத்துக் கதைதான், தம்பி. நான் பிறந்தது ஒரத்தநாட்டுப் பக்கம். உங்கள் ஊர்ப் பாசனம் காலங்காலமாக இருந்துவருவது. எங்களுக்குத் தண்ணீர் புது ஆற்றில் வரும். கல்லணைக் கால்வாய் என்று அரசாங்கம் எழுதும், நாங்கள் புதாறு என்போம். மேட்டூர்த் திட்டத்தோடு சேர்த்து வெட்டிய கால்வாய் அது. அதற்கு முன் எங்கள் தாத்தாவின் நிலம் மழையை நம்பிய மேட்டுப் புன்செய். வரகும் கேழ்வரகும் விளைந்த இடத்தில் அணை வந்த பிறகுதான் நெல் வந்தது. என் அப்பாவைப் படிக்க வைத்தது அந்த நெல்தான், என்னைப் படிக்க வைத்ததும் அதுதான்.

கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மாமியார் கேட்டார், "உங்க ஊருக்கு எந்தத் தண்ணி கண்ணு?" சொன்னேன். "அப்ப எங்க பழைய ஊரு மேல நின்ன தண்ணிதான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை, சோறு போட்டுக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

1924-இல் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட காவிரி நீர் ஒப்பந்தம் பற்றி நம் ஊர் டீக்கடையில் மணிக்கணக்காகப் பேசுவார்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் மனப்பாடம். நீர்வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று தினமும் பேப்பரில் பார்க்கிறோம். அந்தத் தண்ணீருக்கு அடியில் எந்தெந்த ஊர் கிடக்கிறது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் ஒரு பெயராவது சொல்வோம்? நம் சோற்றுக்காக நிலத்தை விட்டவர்கள் அவர்கள். இது எனக்கு ஆறவே இல்லை. அதனால்தான் எழுதினேன்.

2024 கோடையில் நீர்மட்டம் ரொம்பவும் இறங்கியிருந்தபோது நீர்த்தேக்கக் கரையில் உள்ள பண்ணவாடிக்குப் போயிருந்தோம். 70 அடியை ஒட்டி இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி வெளியே தெரியும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தெரியும். பார்க்கக் கூட்டம் வரும். எனக்கு நந்தியைவிட அதைச் சுற்றியிருந்த நிலத்தின் மேல்தான் கண் போயிற்று. வண்டல் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. ஈரம் மிச்சமிருந்த பக்கமாக எள்ளும் சோளமும் போட்டிருந்தார்கள். களை வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இது யார் நிலம் என்று கேட்டேன். "தண்ணி எறங்குனா எங்களுது, ஏறுனா கவுருமெண்டுதுங்க" என்றார். அந்த வருஷம் ஜூன் 12-இல் திறக்கத் தண்ணீர் போதவில்லை. உங்கள் பக்கம் குறுவை என்ன பாடு பட்டது என்று உங்களுக்கே தெரியும். ஆனால் ஜூலை கடைசியில் அணை நிரம்பிவிட்டது. அதற்குள் அந்தப் பெரியவர் எள்ளை அறுத்திருக்க வேண்டும் என்று தினமும் நீர்மட்டத்தைப் பார்த்து வேண்டிக்கொண்டிருந்தேன். அதே சமயம் ஒரத்தநாட்டில் அண்ணன் நாற்று விடத் தண்ணீருக்குக் காத்துக்கொண்டிருந்தார். அணை நிரம்ப வேண்டும் என்றும், கொஞ்சம் பொறுத்து நிரம்ப வேண்டும் என்றும் ஒரே மனசு ஆசைப்பட்டது. நாவலில் அந்த இரண்டு ஆசைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறேன்.

கடைசி அத்தியாயத்தை எழுதும்போது மேசையை ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டது. சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதி முடித்தேன். இப்போது பிரதி பதிப்பகத்தில் இருக்கிறது. ஜனவரி புத்தகக் காட்சிக்குக் கொண்டுவரப் பார்க்கிறோம்.

புத்தகங்களைப் பற்றி. பெரிய பெட்டியில் அடுக்காதீர்கள், தூக்குகிறவர்களின் முதுகு போய்விடும். மருந்துக்கடையில் கேட்டால் சின்ன அட்டைப்பெட்டி கொடுப்பார்கள், அதுதான் சரி. பெட்டிக்கு மேலே எண் போட்டு, எதில் என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எதைக் கொடுப்பது என்று முடிவுசெய்ய உட்கார்ந்தால், மறுபடி படிப்பேனா என்று கேட்டுக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றுதான் மனசு சொல்லும். இது இப்போது யாருக்கு வேண்டும் என்று கேளுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு வரலாறும், பக்கத்துக் கிளை நூலகத்துக்குச் சிறுகதைகளும் போயின. 1918-இல் வந்த சேலம் மாவட்ட கெசட்டியரை (மாவட்ட விவரத் தொகுப்பை) மட்டும் லாரியில் ஏற்றாமல் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். அணைக்கு முந்தைய சேலத்தைப் பற்றி என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது மூழ்கிய ஊர்களின் பெயர்களை இங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்டிருக்கிறேன். எந்த ஊர்க்காரர்கள் எங்கே குடியேறினார்கள், எந்தச் சாமியைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். நாவலுக்காக இல்லை, தனியாக ஒரு பட்டியல். உங்களால் ஓர் உதவி வேண்டும். உங்கள் பக்கத்திலோ பட்டுக்கோட்டைப் பக்கத்திலோ, புதாறு வெட்டப் போன தாத்தாவின் கதை தெரிந்தவர்கள் இருந்தால் கேட்டு எழுதுங்கள். கூலி என்ன, எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், எது கிடைத்தாலும் சரி.

நேரிலும் வாருங்கள். ஆடி 18 அன்று மட்டும் வேண்டாம். அன்றைக்கு மேட்டூரில் காவிரியில் முழுகவும் முனியப்பனைக் கும்பிடவும் வருகிற கூட்டத்தில் நாம் பேச முடியாது. அதற்கு அடுத்த வாரம் வந்தால் பண்ணவாடிக்கும் போய்விட்டு வரலாம்.

அன்புடன்,
அக்கா