கோபமாக எறிந்தான்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஐந்து வருடம் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்தவள் நான். இங்கே ஒரு கம்யூனிட்டி காலேஜில் மழலையர் கல்வி படிக்கிறேன். “ஆயா வேலைக்கா இஞ்சினியரிங் படிச்சே?” என்று அம்மா போனில் அழுகிறாள். போன வாரம் ஒரு குழந்தையை இருபது நிமிடம் கவனித்து எழுதச் சொன்னார்கள். ‘நான்கு வயதுப் பையன் பொம்மை லாரியைக் கோபமாக எறிந்தான்’ என்று எழுதினேன். ‘கோபமாக’ என்ற சொல்லை மட்டும் வட்டமிட்டு, ‘இதை நீங்கள் பார்க்கவில்லை’ என்று குறிப்பெழுதித் திருப்பித் தந்துவிட்டார் பேராசிரியர். இப்படி அற்ப விஷயத்துக்கெல்லாம் மார்க் குறைக்கிறார்கள். விட்டுவிட்டு டேட்டா சயின்ஸ் பக்கம் போய்விடலாமா?

ச.

அன்புள்ள ச.,

அம்மாவின் அழுகை தானாக ஓயும், அதில் நான் தலையிடுவதற்கில்லை. சம்பளம் குறைவு என்பது உண்மை, மழுப்ப மாட்டேன். உங்கள் மாநிலத்தில் மழலையர் கல்விப் பாடத்தில் 12 யூனிட்டும் (படிப்பை அளக்கும் கணக்கு) கொஞ்சம் அனுபவமும் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அசோசியேட் டீச்சர் பர்மிட், 24 யூனிட்டோடு பொதுப் பாடங்களும் சேர்ந்தால் டீச்சர் பர்மிட் என்று போகும் கணக்கை உங்கள் காலேஜ் கவுன்சலர் என்னைவிட நன்றாகச் சொல்வார். ‘ஆயா’ என்பதை ஏதோ வசைபோல எழுதியிருக்கிறீர்கள். அதற்குத் தனியாக ஒருநாள் திட்டுகிறேன்.

எனக்கு உங்கள் கடிதத்தில் ஒட்டிக்கொண்டது அந்த ‘அற்ப விஷயம்’தான்.

நீங்கள் என்ன பார்த்தீர்கள்? பையன் லாரியை எடுத்தான். ஒரு கையாலா, இரண்டு கையாலா? தலைக்கு மேலே தூக்கினானா? எறிந்த பிறகு எங்கே பார்த்தான்? பக்கத்துப் பிள்ளையையா, டீச்சரையா, லாரி போய் விழுந்த இடத்தையா? விழுந்த இடத்தைப் பார்த்திருந்தால், சத்தம் எப்படி வருகிறது என்று கேட்பதற்காகவே போட்டிருக்கலாம். டீச்சரைப் பார்த்திருந்தால் அது வேறு கதை. இது எதுவும் உங்கள் குறிப்பில் இல்லை, கோபம் மட்டும் இருக்கிறது. அந்தக் கோபம் உங்களுடையது அம்மா, பையனுடையதல்ல.

நாற்பது வருடமாக எழுதுகிறவன் சொல்கிறேன், நானும் இதே திருட்டைச் செய்தவன்தான். ‘அவன் சோகமாக எழுந்து போனான்’ என்று போட்டுவிட்டால் வேலை முடிந்தது. எப்படி எழுந்தான் என்று பார்க்க வேண்டியதில்லை. எனக்கு அதை வட்டமிட்டுத் தர ஒரு பேராசிரியர் கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைத்திருக்கிறார், நீங்கள் மார்க்கை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

மரியா மாண்டிசோரி உங்களைப் போலவே வேறு படிப்பிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர், டாக்டர். 1907இல் ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் குழந்தைகளுக்கு ஓர் இடம் திறந்தார். அங்கே மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். எத்தனை தடவை என்று இவர் எண்ணத் தொடங்கினார். நடுவில் சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேஜைமேல் வைத்துப் பார்த்தார், மற்ற பிள்ளைகளைப் பாட விட்டுப் பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. நாற்பது தடவைக்கு மேல் போயிற்று. ‘பிடிவாதக்காரி’ என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டு அவர் டீ குடிக்கப் போயிருக்கலாம். எண்ணினார். அதே அம்மையார்தான் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். கான்வென்ட் வாசலில் மாண்டிசோரி என்று போர்டு மட்டும் மாட்டத் தெரிந்துகொண்டோம் நாம். சரி, அது வேறு சண்டை.

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது டீச்சர் என் அப்பாவைக் கூப்பிட்டு, “பையன் மந்தம்” என்றார். நல்லவர்தான், யாரையும் அடித்ததில்லை. ஒரே வகுப்பில் எழுபது பிள்ளைகள், அவர் யாரைத்தான் பார்ப்பார்? அப்பா அதை நம்பினார். நானும் நம்பினேன், ஏழாம் வகுப்பு வரை. எனக்கு இடதுகைப் பழக்கம். வீட்டில் அதற்கு அடி விழும். பள்ளியில் யாருக்கும் தெரியாது.

அன்று பின்பெஞ்சுக்குப் பக்கத்தில் உங்களைப் போல ஒரு மாணவி நோட்டோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாள்: ‘பலப்பத்தை இடது கையில் எடுத்தான். நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தான். வலது கைக்கு மாற்றினான். ‘அ’வின் சுழியில் பலப்பம் நின்றது. எச்சில் தொட்டு அழித்தான். மறுபடி இடது கை. மறுபடி நிமிர்ந்தான்.’ இதில் மந்தம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

உங்கள் கேள்வி என்ன? டேட்டா சயின்ஸா? போங்கள், அதுவும் நல்ல படிப்புதான். ஆனால் போவதற்கு முன் இன்னொரு முறை அந்த வகுப்பில் போய் உட்காருங்கள். லாரி விழுந்ததும் அந்தப் பையன் என்ன செய்தான், போய் எடுத்தானா? எந்தக் கையால்? எனக்கு எழுதுங்கள்.