லாரி மோதி அடிபட்டால் இழப்பீடு: கேட்டவர்களுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

லாரி, டிப்பர், டேங்கர், லோடு வேன் விபத்துகளில் அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள் இவை. மோட்டார் விபத்து வழக்குகளில் நான் அடிபட்டவர்கள் பக்கம் மட்டுமே ஆஜராகிறேன். 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், அதில் 2019-ல் வந்த திருத்தங்கள் ஆகியவற்றை வைத்துப் பதில் சொல்கிறேன்.

மேடம், அப்பா டூவீலரில் போகும்போது டிப்பர் லாரி பின்னால் வந்து இடித்துவிட்டது. நான்கு நாளாக ஐசியுவில் இருக்கிறார். "செலவைப் பார்த்துக்கொள்கிறோம், கேஸ் வேண்டாம்" என்கிறது ஓனர் தரப்பு. என்ன செய்வது?

இன்றைக்கே ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள். ஓனர் தரும் பணம் பெரும்பாலும் டிஸ்சார்ஜ் வரைக்கும்தான் வரும். அதற்குப் பிறகுதான் உண்மையான செலவே தொடங்குகிறது. வெற்றுப் பேப்பரிலோ பத்திரத்திலோ யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்து, அப்பாவைச் சேர்த்த அன்று பணியில் இருந்த டாக்டர் எழுதிய விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி, அதை வாங்கிப் படியுங்கள். கூட்டி வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லியிருப்பார், டாக்டரும் அப்படியே எழுதியிருப்பார். இரண்டு வருடம் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் கையில் எடுப்பார்: "லாரி மோதியதாக எங்கே இருக்கிறது?" அப்படி எழுதியிருந்தால், தகவல் சொன்னது யார், அவர் விபத்தைப் பார்த்தாரா என்பதைப் புகாரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஓனர் பேச்சை நம்பி நான்கு நாள் காத்திருந்ததையும் மறைக்காமல் எழுதுங்கள். தாமதத்துக்குக் காரணம் இருந்தால் நீதிமன்றம் ஏற்கும்.

லாரி நம்பரை எம்பரிவாகன் செயலியில் போட்டால் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். அப்புறம் ஒன்று: 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, ரூ.1.5 லட்சம் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது, பில்லிங் கவுண்டரில் கேளுங்கள்.

இடித்த லாரி நிற்காமல் போய்விட்டது. நம்பர் தெரியாது.

பிரிவு 161-ன்படி மரணத்துக்கு ரூ.2 லட்சம், கொடுங்காயத்துக்கு ரூ.50,000 கிடைக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். வண்டி தெரிந்துவிட்டால் முழு இழப்பீடு கேட்கலாம். டோல்கேட் கேமரா, ஃபாஸ்டேக் பதிவு, வழியில் உள்ள பெட்ரோல் பங்க் சிசிடிவி எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லி விசாரணை அதிகாரிக்கு எழுத்தில் கொடுங்கள். பங்க் கேமராவில் பழைய பதிவு சீக்கிரம் அழிந்துவிடும், அதனால் முதல் வாரமே போக வேண்டும்.

வழக்குப் போடக் காலக்கெடு உண்டா?

விபத்து நாளிலிருந்து 6 மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் இந்த விதி அமலில் இருக்கிறது. இதை எதிர்த்த வழக்குகளில், தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. எனவே தாண்டிவிட்டது என்று கைவிட வேண்டாம், தாண்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். விபத்து நடந்த ஊரில் மட்டுமல்ல, நீங்கள் குடியிருக்கும் ஊரில் உள்ள மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் மனு போடலாம்.

என் தம்பி லோடுமேன், வயது 32. வலது காலில் பிளேட் வைத்திருக்கிறார்கள். 40 சதவீத ஊனம் என்று சர்டிபிகேட் தந்தார்கள். இழப்பீடும் 40 சதவீதம்தானா?

இல்லை. இந்த இடத்தில்தான் நம் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டாக்டர் சொல்வது உடலின் ஊனத்தை. தீர்ப்பாயம் பார்க்க வேண்டியது, அந்த ஊனத்தால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போனது என்பதை. 2010-ல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் ஒரே கால் முறிவு ஒரே நஷ்டம் ஆகாது.

கணக்கைப் போட்டே காட்டுகிறேன். மாத வருமானம் ரூ.15,000 என்று நிரூபித்தால், 40 வயதுக்குக் கீழே சொந்தமாக உழைப்பவருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும்: ரூ.21,000. வருடத்துக்கு ரூ.2,52,000. தம்பியின் வயதுக்குப் பெருக்கெண், அதாவது வருட வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. மொத்தம் ரூ.40,32,000. இதில் 40 சதவீதம் என்றால் ரூ.16,12,800. திறன் இழப்பு 80 சதவீதம் என்று தீர்ப்பாயம் ஏற்றால் ரூ.32,25,600. இரண்டுக்கும் நடுவே உள்ள பதினாறு லட்சம் சாட்சியத்தில் இருக்கிறது. சிகிச்சை செய்த டாக்டரைக் கூண்டில் ஏற்றி, "இந்தக் காலோடு இவரால் பாரம் தூக்க முடியுமா, குந்த முடியுமா?" என்று கேட்க வேண்டும். அவரோடு மூட்டை தூக்கியவர்களில் ஒருவர் வந்து கூலி எவ்வளவு என்று சொல்ல வேண்டும். மருத்துவச் செலவு, வலி, உடனிருந்து பார்த்தவரின் செலவு, பிளேட் எடுக்கும் ஆபரேஷன் எல்லாம் இதற்கு மேலே தனியாக வரும்.

விசேஷத்துக்கு லோடு வேனில் இருபது பேர் போனோம். வேன் கவிழ்ந்து அம்மாவுக்கு இடுப்பு உடைந்துவிட்டது. இன்சூரன்ஸ் இருக்கிறது, கிடைக்குமா?

சொல்லவே மனம் வரவில்லை அம்மா. சரக்கு வண்டியில் சும்மா பயணம் செய்தவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பில்லை என்று 2002-லேயே ஆஷா ராணி வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. டிரைவர் மேலும் ஓனர் மேலும் கேட்கலாம். "கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு ஓனரிடம் வசூலிக்கட்டும்" என்று சில வழக்குகளில் உத்தரவு வந்திருக்கிறது, அதையும் மனுவில் கேளுங்கள். வேறொரு வண்டி மோதித்தான் வேன் கவிழ்ந்தது என்றால் நிலைமையே வேறு: அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகும்.

நான் லாரி டிரைவர். என் மேல்தான் தப்பு என்று எஃப்ஐஆர். எனக்கு ஒன்றும் கிடையாதா அக்கா?

உண்டு. முன்பு 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்து, 2025 நவம்பர் முதல் 2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்ட விதிகளில், வேலையில் இருக்கும்போது அடிபட்டதே போதும், யார் தப்பு என்ற கேள்வி பொதுவாக வராது. ஓனருக்கு நோட்டீஸ் கொடுத்து, தொழிலாளர் இழப்பீட்டை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு போடுங்கள். கிளீனருக்கும் இதே வழி உண்டு. எதிரே வந்த வண்டி மேல் தப்பு இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் போவது பெரும்பாலும் லாபம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

ராத்திரி லைட் போடாமல் நிறுத்தியிருந்த லாரியில் நான் மோதினேன். எஃப்ஐஆர் என் மேல் போட்டுவிட்டார்கள்.

எஃப்ஐஆர் முடிந்த முடிவல்ல. பிறருக்கு ஆபத்தாக வண்டியை ரோட்டில் நிறுத்துவதை பிரிவு 122 தடுக்கிறது. 2018-ல் அர்ச்சித் சைனி வழக்கில், நடுரோட்டில் நிறுத்திய டேங்கரில் மோதிய கார்க்காரர் மேல் தப்பில்லை என்றது உச்ச நீதிமன்றம். பார்க்கிங் லைட், ரிஃப்ளெக்டர், பின்னால் வைக்கும் எச்சரிக்கை முக்கோணம் எதுவும் இல்லை என்பதற்குப் போட்டோவோ நேரில் பார்த்தவரோ வேண்டும்.

லைசென்ஸ் இல்லை, ஹெல்மெட்டும் போடவில்லை. கேஸ் நிற்குமா?

நிற்கும். லைசென்ஸ் இல்லாததால் மட்டும் விபத்துக்கு நீங்கள் காரணம் ஆகிவிட மாட்டீர்கள். ஆனால் தலையில் அடி என்றால் ஹெல்மெட் பேச்சு கட்டாயம் வரும்.

ஆஸ்பத்திரிக்கே வந்த ஒருவர், கேஸ் நடத்தித் தர இழப்பீட்டில் 30 சதவீதம் கேட்கிறார்.

கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் தொகையில் பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசுவது பார் கவுன்சில் விதிகளுக்கே எதிரானது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 15100-க்கு அழையுங்கள்.

லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றத்தில்) ரூ.6 லட்சம் தருகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா?

சிகிச்சை முழுதும் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். அங்கே ஒத்துக்கொண்டால் அதன் மேல் அப்பீல் கிடையாது. இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருக்கிறது என்றால், அதன் செலவை டாக்டரிடம் எழுதி வாங்கி, அதையும் சேர்த்துக் கேளுங்கள். தரவில்லை என்றால் வழக்கு நடக்கட்டும்.