வளர்ந்த பிள்ளையின் மனம் தடுமாறும்போது: கேள்வி பதில்

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களோடு பணியாற்றும் உளவளத்துணையாளர் ஒருவர், வந்த கேள்விகளுக்கு எழுதிய பதில்கள்.

கோண்டாவிலிலிருந்து ஒரு தாய்: மகனுக்கு இருபது வயது, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். மாசியில் இரண்டு கிழமை நித்திரையே இல்லை. விடியவிடியக் கதைத்தான், கடன்பட்டு இரண்டு கைத்தொலைபேசி வாங்கினான், தகப்பனை அடிக்கப் போனான். இப்போது கட்டிலை விட்டு எழும்புவதில்லை. கேட்டால் "எனக்கு ஒன்றும் இல்லை" என்கிறான். குணம் கெட்டுவிட்டதா, வருத்தமா?

அம்மா, அந்த இரண்டு கிழமை நித்திரையின்மைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உறங்காமலே களைப்பின்றி ஓடிய பிள்ளை பிறகு சுருண்டு கிடந்தால், எழுச்சியும் சோர்வும் மாறிமாறி வருகிற இருமுனைக் கோளாறா என்று பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். ஆனால் தைரொயிட் கூடினாலும், 'ஐஸ்' போன்ற போதைப்பொருளாலும் இதே கோலம் வரலாம். ஆகவே வீட்டில் வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

பெரியாஸ்பத்திரியிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலக் கிளினிக் உண்டு, பணம் வேண்டியதில்லை. போகுமுன் எந்தத் திகதியில் உறக்கம் குறைந்தது, எப்போது சோர்வு தொடங்கியது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மாசி மாதக் கதையை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சோர்வை மட்டும் கண்டு சோர்வுக்கான குளிசையைத் தனியே கொடுத்தால், சிலரை அது மறுபடியும் எழுச்சிக்குள் தள்ளிவிடும்.

மகனிடம் "உனக்கு விசர்" என்று யாரும் சொல்லக்கூடாது. "மூன்று இரவு நீ படுக்கவில்லை, எனக்குப் பயமாக இருந்தது" என்று கண்டதைச் சொல்லுங்கள். "ஒன்றும் இல்லை" என்பவனும் நித்திரையைப் பற்றிக் கதைக்கச் சம்மதிப்பான். கிளினிக்கில் முதலில் அவன் தனியே வைத்தியரோடு பேசட்டும். இருபது வயது ஆளை வெளியே இருத்திவிட்டுத் தாயும் தகப்பனும் மாமாவும் உள்ளே போய் அவனுடைய கதையைச் சொல்வதை நான் அடிக்கடி காண்கிறேன். அப்படி வந்தவன் அடுத்த முறை வருவதில்லை.

மானிப்பாயிலிருந்து ஒரு தந்தை: எல்லாவற்றுக்கும் கைத்தொலைபேசிதானே காரணம்? பறித்துவிட்டால் சரியாகாதா?

இல்லை ஐயா. இரவில் எத்தனை மணிக்கு வைப்பது என்று அவரோடு பேசி முடிவெடுங்கள். பறித்தால் நண்பர்களோடு இருக்கிற கடைசித் தொடர்பும் அறும்.

ஒரு விரிவுரையாளர்: ஒரு மாணவி வகுப்பில் திடீரென்று கத்துகிறாள், பிறகு பத்து நாள் வருவதில்லை. நான் எதுவரை தலையிடலாம்?

வகுப்பு முன்னிலையில் ஒன்றும் கேட்காதீர்கள். தனியே கூப்பிட்டு, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, "இந்தக் கிழமை வரவில்லை, என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். பகிடிவதை நடந்ததா என்பதையும் கேளுங்கள். 1998ஆம் ஆண்டின் சட்டப்படி அது குற்றம். மாணவர் ஆலோசகரிடம் அவளோடு நீங்களும் நடந்து போங்கள், வெறுமனே அனுப்பிவிடாதீர்கள். மருத்துவச் சான்றிதழை உரிய நாளுக்குள் கொடுக்க நினைவூட்டுங்கள். நோயில் விழுந்த பிள்ளைகள் பலர் பரீட்சையை இழப்பது இந்தக் காகிதம் இல்லாததால்தான்.

சுன்னாகத்திலிருந்து ஒரு தமக்கை: தம்பி குளிசை போடமாட்டான். தேத்தண்ணீரில் கலந்து கொடுக்கிறோம். நல்ல மாற்றம். தொடரலாமா?

தங்கச்சி, நிறுத்துங்கள் என்று சொல்லமாட்டேன். குளிசையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நாளைக்கே வைத்தியரிடம் உண்மையைச் சொல்லுங்கள். ரிஸ்பெரிடோன் என்கிற மனநோய் மருந்தின் திரவ வடிவம் தேத்தண்ணீரோடு சேராது என்பதாவது உங்களுக்குத் தெரியுமா?

மானிப்பாய்த் தந்தை மீண்டும்: உயிர் பெரிதா, சம்மதம் பெரிதா? அந்தப் பிள்ளை ஒழுங்காக இருக்கிறானே!

இன்னொரு தாய்: நானும் கலந்துதான் கொடுத்தேன். மகள் படித்து முடித்து வேலைக்கும் போகிறாள். எங்களைக் குற்றவாளியாக்காதீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்லவில்லை அம்மா. அடியும் ஓட்டமுமாக இருந்த வீட்டில் வேறு வழி தெரியாமல் செய்திருப்பீர்கள். ஆனால் இதை நல்ல வழி என்று மற்றவர்களுக்குச் சொல்லவேண்டாம். "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்று சந்தேகப்படுகிறவனுடைய சாப்பாட்டில் உண்மையிலேயே கலந்தால், அவன் கண்டுபிடிக்கும் நாளில் உங்கள் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான். குளிசையின் பக்கவிளைவாகக் கை இறுகும், உடம்பு பாரமாகும், எச்சில் வடியும். காரணம் தெரியாமல் அவன் பயப்படுவான். தெரியாமல் அதற்குமேல் மதுவும் குடிப்பான். குளிசை இல்லாமலே சுகமாகிவிட்டேன் என்று நம்புவான். வீட்டை விட்டு வேலைக்குப் போகும் நாளில் யார் கலந்து கொடுப்பது?

ஐயா, நீங்கள் கேட்ட உயிருக்காகத்தான் சொல்கிறேன். பேரம் பேசுங்கள். "ஆறு கிழமை போட்டுப் பார், உடம்புக்குச் சரிவராவிட்டால் வைத்தியரிடம் நானே உனக்காகப் பேசுகிறேன்" என்று சொல்லி அப்படியே செய்யுங்கள். தினமும் விழுங்க மனமில்லாதவருக்கு இரண்டு முதல் நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. அதையும் அவரிடம் கேட்டே முடிவு செய்யவேண்டும்.

கனடாவிலிருந்து ஒரு பெரியப்பா: பிள்ளையை இங்கே கூப்பிட்டுவிட்டால் மாறிவிடுவானா?

முதலில் அவனிடம் கேளுங்கள்.

நல்லூரிலிருந்து ஒருவர்: கோயிலில் நேர்த்தி வைத்திருக்கிறோம். குளிசையை நிறுத்தலாமா?

நேர்த்தி வையுங்கள், குளிசையும் தொடரட்டும். இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கிற லித்தியம் எடுக்கிறவரென்றால் ஒன்று கேளுங்கள்: நல்லூர்த் திருவிழாவில் தண்ணீரில்லாமல் விரதமிருந்து வெயிலில் பிரதட்டை செய்தால், உடம்பில் நீர் குறைந்து லித்தியம் இரத்தத்தில் கூடும். கந்தசஷ்டிக்கும் இதே எச்சரிக்கை. வாந்தி, வயிற்றோட்டம், கை நடுக்கம், தள்ளாட்டம் வந்தால் உடனே வைத்தியசாலை. இபுபுரோபன் போன்ற நோக்குளிசையையும் கேட்காமல் வாங்காதீர்கள்.

ஒரு தாய்: மகள் கோபத்தில் பனடோலை அள்ளி விழுங்கினாள். பிறகு சாதாரணமாகத்தான் இருக்கிறாள். பொலிசுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்கிறோம்.

இதைப் படித்த உடனே வைத்தியசாலைக்குக் கிளம்புங்கள். முதல் நாள் நன்றாக இருப்பது நம்பக்கூடியதல்ல. ஈரல் இரண்டாம் மூன்றாம் நாளில் பழுதாகும். நஞ்சை முறிக்கும் மருந்து முதல் எட்டு மணித்தியாலத்துக்குள் மிக நன்றாக வேலை செய்யும், பிந்தினாலும் போகவேண்டும். தற்கொலை முயற்சி 1998இலிருந்து இலங்கையில் குற்றமல்ல. சுகமான பிறகு ஏசாதீர்கள், "சாக நினைத்தாயா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. வீட்டிலுள்ள குளிசை, பூச்சிமருந்து எல்லாவற்றையும் பூட்டுங்கள்.

மூன்று பேர் சேர்த்துக் கேட்டது: சுகமாகிவிட்டது, குளிசையை எப்போது நிறுத்தலாம்?

மேலே இரண்டு இடத்தில் எழுதிவிட்டேன். வைத்தியரைக் கேட்காமல் ஒருநாளும் நிறுத்தாதீர்கள். இதே கேள்வி மறுபடி வந்தாலும் என் பதில் மாறாது.

ஒரு மாணவன், 21 வயது: நான்தான் குளிசை போடுகிறவன். காலையில் தலை தூக்க முடியவில்லை, பரீட்சை வருகிறது. அறை நண்பர்களுக்குத் தெரிந்தால்? சில இரவு, இருந்து என்ன பயன் என்று நினைக்கிறேன்.

தம்பி, நீங்களே எழுதியதற்கு நன்றி. கடைசி வசனத்துக்கு முதலில் வருகிறேன். அந்த எண்ணம் வரும் இரவில் தனியே இருக்கவேண்டாம். 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது. நம்பக்கூடிய ஒருவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். சோர்வுக்கான குளிசையைப் புதிதாகத் தொடங்கியிருந்தால் அதையும் வைத்தியரிடம் உடனே சொல்லுங்கள். இருபத்தைந்துக்குக் கீழ்ப்பட்டவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் இந்த எண்ணம் கூடுவதுண்டு. காலைத் தூக்கத்துக்கு, இரவுக் குளிசையை முன்னேரத்தில் எடுக்கலாமா, அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள். நண்பர்களில் யாருக்குச் சொல்வது என்பது உங்கள் முடிவு. ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். பரீட்சைக்கு முன்பே மாணவர் ஆலோசகரைக் காணுங்கள். தனியே போகத் தயக்கமென்றால் எனக்கு எழுதுங்கள், நானும் வருகிறேன்.